பெட்டியில் இருக்கிறான் என்று சொன்ன ஐந்து நாட்கள்

நான் முன்கோபக்காரன். பாண்டிச்சேரி சாரத்தில் என் கடைக்கு ஃபேன் காயில் கட்டவோ மோட்டாரைச் சரிபார்க்கவோ வந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதிலும் பொய் சொல்கிறவனைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. மோட்டாரைத் தண்ணீரில் போட்டு எரித்துவிட்டு, தானாகவே நின்றுபோனது என்று சொல்கிறவனை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் என் மனைவியிடம் ஐந்து நாள் தொடர்ந்து பொய் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, கண் காது மூக்கு வைத்துச் சொன்னேன்.

சுனாமி வந்து இரண்டாவது வருஷம் அது. கல்யாணமாகி மூன்று வருஷம் காத்திருந்து தங்கிய முதல் கரு. வளைகாப்பு முடிந்து என் மனைவி அரியாங்குப்பத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது தலை வலிக்கிறது, கண் மங்கலாகத் தெரிகிறது என்றிருக்கிறாள். மாமியார் தைலத்தை எடுத்துவருவதற்குள் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். அவளுடைய அண்ணன், என் மச்சான், ஆட்டோவில் போட்டுப் பாலத்தைத் தாண்டி டவுனில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். பிரஷர் தாறுமாறாக ஏறியிருந்தது. ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பையன். வயிற்றுக்குள்ளேயே இறந்துபோயிருந்தான்.

அவள் நினைவில்லாமல் கிடந்தாள். டாக்டரம்மா வெளியே வந்து எங்கள் மூன்று பேரிடமும் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "இன்னும் பத்து நாளைக்கு பிரஷர் ஏறக் கூடாது. மறுபடியும் ஃபிட்ஸ் வந்தா காப்பாத்துறது கஷ்டம். கண் முழிச்சதும் பக்குவமா சொல்லுங்க." சொல்லுங்க என்றுதான் அந்த அம்மா சொன்னது. எங்கள் காதில் விழுந்ததெல்லாம் மறுபடி வலிப்பு வந்தால் பிழைக்க மாட்டாள் என்பது மட்டும்தான். அவர் உள்ளே போனதும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, ஒங்கள கையெடுத்துக் கும்புடுறேன். புள்ளதான் போச்சி. எம் பொண்ணாவது தங்கட்டும். தையல் ஆறி, ஊட்டுக்கு வந்து நாலு நாள் சோறு தின்னட்டும். அப்பறமா சொல்லிக்கலாம்."

மச்சானும் தலையாட்டினார். எனக்கு வேறு யோசனையே வரவில்லை. அன்று சாயங்காலம் நானும் மச்சானும் பிள்ளையை அரியாங்குப்பம் சுடுகாட்டில், சின்னப் பிள்ளைகளைப் புதைக்கும் ஓரத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். காரியம், சடங்கு எதுவும் கிடையாது. குளித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து அவள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தேன்.

மறுநாள் அவள் கண் திறந்தாள். நாக்கு குழறியது. முதலில் வயிற்றைத் தடவிப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "என்னாங்க, எங்க?" என்றாள். மாமியார் முந்திக்கொண்டார். "பையன்டி. எட்டாம் மாசம் இல்ல, வெயிட்டு கம்மி. பெரிய ஆஸ்பத்திரியில பெட்டியில வச்சிருக்காங்க." பெட்டி என்றால் குறைமாதப் பிள்ளைகளைச் சூடாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெசமாவா?" நான் தலையாட்டினேன். அவள் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பை என்னால் எழுத முடியாது.

ஒரு பொய்க்குத் தலையாட்டினால் அதோடு முடிகிறதா? எவ்வளவு வெயிட் என்றாள். ஒண்ணே முக்கால் கிலோ என்றேன். கண்ணைத் திறந்தானா என்றாள். லேசாகத் திறந்தான் என்றேன். யார் அவனைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றாள். ஒரு கேரளத்து நர்ஸ் இருக்கிறார், நல்ல மாதிரி என்றேன். இல்லாத அந்த நர்ஸைப் பற்றி மறுநாளும் விசாரித்தாள். எங்கள் வார்டு நர்ஸ்களிடம் மாமியார் ஏற்கெனவே கெஞ்சி வைத்திருந்ததால் அவர்கள் ஊசி போட வரும்போது வாயே திறக்கவில்லை. நான் உள்ளே நுழையும் ஒவ்வொரு தடவையும் என் கண் முதலில் போவது பிரஷர் எழுதும் தாளுக்குத்தான். எண்ணைப் பார்ப்பேன், அப்புறம் அவள் முகத்தைப் பார்ப்பேன், அப்புறம் அடுத்த பொய்.

மூன்றாவது நாள் பால் சுரந்துவிட்டது. இதை நாங்கள் யாரும் நினைக்கவே இல்லை. பிள்ளை பெற்ற மாமியாருக்குக்கூட அது ஞாபகம் வரவில்லை. ரவிக்கை நனைந்து அவள் பதறிப்போய், "ஐயோ, இது வீணாப் போவுதே, புள்ள அங்க பவுடர் பாலா குடிக்கிறான்?" என்றாள். பக்கத்துக் கட்டில்காரி, விஷயம் தெரியாதவள், கையால் பீய்ச்சி எடுத்து அனுப்பலாம் என்று சொல்லிக்கொடுத்தாள். அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பீய்ச்சி, ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்குச் சேர்த்தாள். மூடி போட்டு, ஈரத்துணி சுற்றி, என் கையில் கொடுத்தாள். "கெட்டுப்போறதுக்குள்ள குடுத்துடுங்க. வழியில எங்கயும் நிக்காதீங்க."

நான் நின்றேன். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி இரண்டாவது தெருவில் ஒரு டீக்கடை. அதன் பக்கத்துக் குழாயடியில் டப்பாவைத் திறந்து கவிழ்த்தேன். தண்ணீர் விட்டுக் கழுவினேன். வெள்ளையாகக் கொஞ்ச தூரம் சாக்கடையில் ஓடியது. டீக்கடைக்காரன் "என்னா சார், பால் திரிஞ்சிடுச்சா?" என்றான். அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். பிடித்து என்ன ஆகப்போகிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரையில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, குடித்தான் என்று சொல்லத் திரும்பி வந்தேன்.

"எல்லாத்தையும் குடிச்சானா?"

"ஒரு சொட்டு மிச்சம் வக்கல."

நான்காவது நாளும் ஐந்தாவது நாளும் குழாயடிக்குப் போக மனசு வரவில்லை. பாலத்தைத் தாண்டி அரியாங்குப்பம் சுடுகாட்டுக்கே போனேன். அவனைப் புதைத்த இடத்தில் மண் இன்னும் உயர்ந்தேதான் இருந்தது. அதன்மேல் ஊற்றினேன். மண் உடனே குடித்துவிட்டது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஊற்றினேன்.

அந்த ஐந்தாவது நாள் நான் திரும்பி வந்தபோது சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பெண் வழிமறித்தாள். காலாப்பட்டு யூனிவர்சிட்டியில் சமூகப்பணி படிக்கிற பெண். பயிற்சிக்காக வாரத்தில் மூன்று நாள் இந்த ஆஸ்பத்திரிக்கு வருவாள். நோட்டும் கையுமாகக் கட்டில் கட்டிலாகப் போய்ப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வயது இருபத்திரண்டு இருக்கலாம்.

"அண்ணா, டப்பாவ எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"ஒனக்கு எதுக்கும்மா அது?"

"கேஸ் ஷீட் பாத்தேண்ணா. குழந்த எந்த ஆஸ்பத்திரியிலயும் இல்ல."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஐந்து நாளாக யாரிடமும் காட்ட முடியாத கோபம். படிக்கிற பிள்ளை படிக்கிற வேலையைப் பார், கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை பெறவில்லை, நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டாயா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அங்கே நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆனாலும் நகரவில்லை.

"ஆமாண்ணா, எனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னும் எத்தன நாளைக்கு எடுத்துட்டுப் போவீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

போ போ என்று கையை வீசிவிட்டு மாடி ஏறினேன்.

ஆறாவது நாள் காலையில் அவளுக்குக் காய்ச்சல். மார்பு கட்டிக்கொண்டு கல்லாக இருந்தது. தொட்டாலே கத்தினாள். மகள் படும் பாட்டை மாமியாரால் பார்க்க முடியவில்லை. எங்கேயோ வெளியே போனவர் ஒரு வாழை இலைப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் உதிரி மல்லிகை. கூடவே ஒரு பழைய வெள்ளை வேட்டித்துணி. "இத வச்சிக் கட்டிக்கடி. வலி கொறயும்" என்றார்.

அவள் மல்லிகையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கள் பக்கத்தில் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது எதற்கென்று சின்னப் பெண்ணுக்கும் தெரியும். பால்குடி மறக்கடிக்க வைப்பார்கள். குடிக்கப் பிள்ளை இல்லாமல் போனாலும் வைப்பார்கள். பால் வற்றிவிடும். மாமியாருக்கு இது தெரியாதா? வலியைக் கண்டதும் கை தன்னால் பூக்கடைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். ஐந்து நாள் அத்தனை ஜாக்கிரதையாகக் காப்பாற்றிய பொய்யைக் கால் படி மல்லிகையில் அவரே போட்டு உடைத்துவிட்டார்.

"அம்மா, பால நிறுத்தத்தான இத வப்பாங்க?"

"இல்லடி... காச்சலோட இருக்கிற பால புள்ளைக்குக் குடுக்கக் கூடாதாம். ரெண்டு நாளைக்குத்தான்."

அவள் அம்மாவை விட்டுவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். ஊசி குத்தியிருந்த கையாலேயே என் வலது கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். தலை அனலாகச் சுட்டது.

"எந்தலை மேல சத்தியமா சொல்லுங்க. நம்ம புள்ள பெட்டியில இருக்கானா?"

தலையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் அந்தத் தலைக்குத்தான் ஆகாது என்று வளர்ந்தவன் நான். ஆறு நாளைக்கு முன்னால் செத்துப் பிழைத்த தலை அது. இல்லை என்று சொன்னால் வலிப்பு வந்துவிடும். ஆமாம் என்று சொன்னால் சத்தியம் கொன்றுவிடும். இரண்டில் எதைச் சொன்னாலும் நான்தான் அவளைக் கொல்லப் போகிறேன் என்று நினைத்தேன். கையைப் பிடுங்கிக்கொண்டேன். "டாக்டர கூட்டியாறேன், காச்சல் அடிக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். பெரிய சூரன்!

வராந்தாவில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நேற்று அவ்வளவு திட்டியவன் அவள் எதிரில் போய் நின்று, என்ன செய்வேன் என்று கேட்டேன். அவள் என்னை டாக்டரம்மாவின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா அதிர்ந்துபோனார். "இன்னும் சொல்லலையா? அன்னைக்கே சொல்லச் சொன்னேனே! துக்கத்துலதான் என்கிட்ட பேசாம இருக்காங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்." மாமியார் முன்கூட்டியே மகளிடம், டாக்டர் வரும்போது பிள்ளையைப் பற்றிக் கேட்காதே, அவர்களுக்குக் கோபம் வரும் என்று சொல்லி வைத்திருந்தார். பிரஷர் இரண்டு நாளாகக் கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரை போட்டாயிற்று, நர்ஸைப் பக்கத்தில் நிற்க வைக்கிறேன், போய் இப்போதே சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா.

"எப்படிச் சொல்றது?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"எனக்கும் இதுதான் மொத தடவண்ணா" என்றாள். "நின்னுட்டுச் சொல்லாதீங்க. கட்டில்ல உக்காருங்க. சாமிகிட்ட போயிட்டான், அது இதுன்னு சுத்தி வளைக்காதீங்க, செத்துட்டான்னே சொல்லுங்க. அடுத்தது பொறக்கும்னு மட்டும் வாயே தொறக்காதீங்க. சொன்னதும் எழுந்து வெளிய போயிடாதீங்க. இங்க எல்லா ஆம்பளைங்களும் அப்பதான் டீ வாங்கப் போறாங்க."

உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்தேன். மாமியார் என் கண்ணைப் பார்த்ததுமே வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நர்ஸ் பிரஷர் பார்க்கும் பட்டையை அவள் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கதவோரம் நின்றாள்.

"நம்ம புள்ள செத்துட்டான். வயித்துக்குள்ளயே செத்துட்டான். பெட்டியில வைக்கவே இல்ல. நான் பொய் சொன்னேன்."

அவள் கத்தவில்லை. நான் வலிப்பை எதிர்பார்த்து அவள் கண்ணையும் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு மட்டும் ஆடியது. அப்புறம், "பால என்னா பண்ணீங்க?" என்றாள்.

இனி ஒரு பொய்யும் என்னால் ஆகாது. முதல் நாள் குழாயடியில் ஊற்றியதைச் சொன்னேன். ஓங்கி ஒரு அறை விட்டாள். தையல் போட்ட வயிற்றோடு எழுந்து விட்ட அறை, காது ஙொய் என்றது. அப்புறம் இரண்டு நாள் அவனைப் புதைத்த இடத்தில் ஊற்றியதைச் சொன்னேன். அப்போதுதான் அழுதாள். மாமியார் ஓடிவந்து, "அழாதடி, பிரஷர் ஏறிடும்" என்று வாயைப் பொத்தப் போனார். "உடுங்கம்மா, அழட்டும்" என்று நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டையை இறுக்கிப் பார்த்து என்னிடம், "கொஞ்சந்தான் ஏறியிருக்கு. பயப்படாதீங்க" என்றார். ஆறு நாளில் எனக்கு மூச்சு வந்தது அப்போதுதான். அந்த மூச்சை முழுசாக விடுவதற்குள் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"யார் மாதிரி இருந்தான்?"

இதை இவ்வளவு நேரம் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். எனக்குத் தெரியாது. நான் அவனைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துண்டில் தலையோடு சுற்றிக் கொடுத்தார்கள். நான் துண்டை விலக்கப் போனபோது மச்சான் தடுத்தார். தகப்பன் முகம் பார்க்கக் கூடாது மாப்ள, பார்த்தால் அடுத்தது தங்காது என்றார். அவரும் பார்க்கவில்லை. நானும் கேட்டுக்கொண்டேன். மடியில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டும் வரைக்கும் துண்டை ஒரு விரல் நகர்த்தியிருக்கலாம். நகர்த்தவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது.

"பாக்கல" என்றேன்.

"என்னா?"

"மொகத்த பாக்கல. பாக்கக் கூடாதுன்னாங்க."

அவள் அம்மாவைப் பார்த்தாள். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினார். அப்போதுதான் அவள் கத்தினாள். அந்த வார்டே அதிர்ந்தது.

"மூணு பேர் கூடவே இருந்தீங்க. ஒருத்தர் கூட பாக்கலியா? பெத்தவ நான் பாக்கல, தகப்பன் நீ பாக்கல, அப்ப எம்புள்ளய யாருதான்யா பாத்தா?"

நீங்க என்றே என்னைக் கூப்பிட்டுவந்தவள் அன்றைக்கு முதல் தடவையாக நீ என்றாள். பட்டையைப் பார்த்த நர்ஸ் முகம் மாறி, டாக்டரைக் கூப்பிடு என்று யாருக்கோ குரல் கொடுத்தார். சொல்லியிருக்கக் கூடாது, இந்தச் சின்னப் பெண் பேச்சைக் கேட்டுக் கெடுத்துவிட்டேன் என்று கதவைப் பார்த்தேன். அவள் அங்கே இல்லை. ஓடிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்யும் ஆயாம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. எனக்கு எதற்கு வம்பு, வேலை போய்விடும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இவங்கதாங்க்கா குழந்தைய குளிப்பாட்டுனது" என்றாள் அந்தப் பெண். "இவங்க பாத்தாங்க."

என் மனைவியின் அழுகை சட்டென்று நின்றது. கையை நீட்டினாள். ஆயாம்மா தயங்கித் தயங்கி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெந்நி வச்சித்தான் தொடச்சேம்மா. பச்சத் தண்ணில தொடக்கல. தல நெறைய முடி. சுருட்ட. ஒங்க மூக்குதான், அப்பிடியே உரிச்சி வச்ச மாதிரி. வெரல்லாம் நீட்டு நீட்டா இருந்திச்சி. எடது காது மட்டும் கொஞ்சம் மடிஞ்சிருந்திச்சி, நான் நீவி உட்டேன். பவுடர் போட்டேன். யாரும் போடச் சொல்லல. புள்ளைய வெறுமனே அனுப்ப மனசு வரல."

சுருட்டை முடி என்று கேட்டதும் என் கை என்னை அறியாமல் என் தலைக்குப் போனது. அவ்வளவுதான். நான் உடைந்துவிட்டேன். இத்தனை நாளில் அவள் பிரஷரையே பார்த்துக்கொண்டிருந்தவன், செத்தது என் பிள்ளை என்பதை அந்த நிமிஷம்தான் உணர்ந்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் இருக்கச் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டேன். சத்தம் வந்துவிட்டது. கால் கதவைப் பார்த்து நகர்ந்தது. கதவை மறித்து நின்றிருந்த அந்தப் பெண் நகரவில்லை.

"எங்க போறீங்க?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

திரும்பினேன். நர்ஸ் பட்டையைத் தளர்த்தி, இறங்கிவிட்டது என்று தலையசைத்தார். வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே அவள் காலை மடக்கி, கட்டில் ஓரத்தில் எனக்கு இடம் விட்டிருந்தாள்.

"வந்து உக்காருங்க. நீங்களுந்தான பாக்கல." அப்புறம் ஆயாம்மாவிடம் திரும்பினாள். "மொதல்லேர்ந்து சொல்லும்மா. இவரும் கேக்கட்டும்."